எட்டு மேசையில் ஒரு சித்திரா பௌர்ணமி

பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று பெயரெடுத்தவர் பாலசுந்தரம். கப்பல் கொம்பனி ஒன்றில் முப்பத்து நாலு வருடம் வேலை செய்து, மனேஜராக ஓய்வு பெற்று, வெள்ளவத்தையில் கடல் தெரியும் மாடிவீடு ஒன்றுக்குக் குடிவந்த பிறகுதான் அந்தக் கெட்ட பழக்கம் அவரைப் பிடித்துக்கொண்டது. அதுவும் ஒரே ஒரு பொய்தான். ஆனால் அதை வாரத்துக்கு நாலு தடவையாவது சொல்ல வேண்டியிருந்தது.

"மகள் எங்கை வேலை?" என்று லிஃப்டில் யாராவது கேட்பார்கள்.

"கொள்ளுப்பிட்டியிலை. ஓடிட் கொம்பனி. இப்ப வெளியூர் வேலைக்கு விட்டிருக்கினம்," என்பார், கண் இமைக்காமல். பக்கத்தில் நிற்கும் மனைவி தவமலர், லிஃப்டின் பொத்தான்களை அன்றுதான் முதன்முதலாகக் காண்பவள்போல உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

கொள்ளுப்பிட்டியும் கணக்குப் பார்க்கும் அந்த ஓடிட் கொம்பனியும் இரண்டு வருடத்துக்கு முந்திய உண்மைதான். மகள் மிதுனா பட்டயக் கணக்காளர். அவள் பாஸ் பண்ணிய அன்று, ஹெவ்லொக் டவுனில் அப்போது குடியிருந்த ஒழுங்கையில் வீடு வீடாகப் பாலசுந்தரம் லட்டுக் கொடுத்தார். அவசரமாக வேலைக்குப் போனவர்களையும் மறித்து வைத்துக் கொடுத்தார். அந்தப் படிப்பை ஓரமாக வைத்துவிட்டு, பாதுக்கைக்கு அப்பால் வயல்கரையில் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து, எட்டு மேசை போட்டு, மிதுனா சாப்பாட்டுக் கடை திறந்தாள். கடையின் பெயரும் 'எட்டு மேசை'தான். சமையலும் அவளேதான்.

"எவனோ கை காட்டிக் கூப்பிட, என்ர பிள்ளை கோப்பை தூக்கிக்கொண்டு ஓடுறதோ?" என்று அன்றைக்கு வீடு அதிரக் கத்தியவர்தான். அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை, அவளும் வீட்டுக்கு வரவில்லை. தவமலர் மட்டும் மாதம் ஒருமுறை கோயிலுக்கென்று வெளிக்கிட்டுப் பாதுக்கை பஸ்ஸில் ஏறுவாள். எந்தக் கோயில் என்று அவரும் கேட்டதில்லை. மாடிவீடுகளில் இருப்பவர் எவருக்கும் மிதுனாவின் முகம் தெரியாதது அவருக்குப் பெரிய வசதியாகப் போய்விட்டது.

வந்த ஆறு மாதத்திலேயே அந்த மாடிவீட்டுக்காரர் சங்கத்துக்குத் தலைவரும் ஆகிவிட்டார். தானாகக் கேட்கவில்லை, எல்லாரும் வற்புறுத்தினார்கள் என்று அவர் சொல்லுவார். வேறு யாருக்கும் கூட்டத்தில் அவ்வளவு நேரம் பேசப் பொறுமை இல்லை என்று மற்றவர்கள் சொல்லுவார்கள். செயலாளர் கண்ணப்பன், புறக்கோட்டையில் புடவைக் கடை வைத்திருப்பவர், தலைமுறை தலைமுறையாகச் சைவம். மார்ச் மாதக் கூட்டத்தில் குண்டைத் தூக்கிப் போட்டவர் அவர்தான்.

"இந்த வருஷம் நம்ம டின்னரை வழக்கமான ஹோட்டல்ல வைக்க வேணாங்க. பாதுக்கைப் பக்கம் ஒரு சின்ன இடம் இருக்கு. நண்டுக் கறிக்காகவே கொழும்புலேருந்து கார் கட்டிக்கிட்டுப் போறாங்களாம். நமக்கு நண்டு ஒத்துக்காது, இருந்தாலும் ஊரே பேசுதுங்க. எட்டு மேசைன்னு பேரு."

பாலசுந்தரத்துக்குத் தேநீர் புரையேறியது. சமாளித்துக்கொண்டு எழும்பி, பாதுக்கைக்கு எதிராக அரை மணி நேரம் பேசினார். தூரம் என்றார். மழை என்றார். வயல்கரை என்றால் அட்டை இருக்கும் என்றார். அந்த றோட்டில் திரும்பி வரும்போது யானை மறிக்கும் என்றும் சொல்லிப் பார்த்தார். பாதுக்கையில் யானை ஏது என்று யாரோ பின்வரிசையில் கேட்க, எல்லாரும் சிரித்துவிட்டார்கள். வாக்கெடுப்பில் அவருக்கு விழுந்தது ஒரே ஒரு வாக்கு. தவமலர்கூட மற்றப் பக்கத்துக்குத்தான் கையுயர்த்தினாள். அடுத்த மாத முழுநிலாப் போயாவுக்கு எல்லாருக்கும் லீவு என்று கண்ணப்பன் திகதி குறித்தார். பதினெட்டுப் பேர், நண்டு, இறால், மீன், தனக்கும் மனைவிக்கும் மட்டும் மரக்கறி. அன்று பின்னேரமே கடைக்கு அறிவித்தும் விட்டார்.

இரவு முழுக்க யோசித்து, விடிந்ததும் பாலசுந்தரம் மகளுக்கு ஃபோன் எடுத்தார். இரண்டு வருடத்தில் அவராக எடுத்தது அதுதான் முதல் தடவை.

"நாங்கள் பதினெட்டுப் பேர் வாறம். நான் தலைவர். உனக்கு என்னைத் தெரியாது. விளங்குதோ?"

"அப்பா, அண்டைக்கு என்ன நாளெண்டு..." என்று அவள் தொடங்கினாள்.

"நாளும் கிழமையும் என்னோடை கதைக்காதை. விளங்கினதோ இல்லையோ?"

"விளங்கினது."

அவர் ஃபோனை வைத்துவிட்டார். நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. வாய்வு என்று சொல்லி இஞ்சித் தேநீர் குடித்தார்.

புதுவருடம் கழிந்த கையோடு வந்தது அந்தப் போயா. வாடகைக்கு எடுத்த சின்ன பஸ் வெள்ளவத்தையை விட்டு ஹைலெவல் றோட்டில் ஏறி, மகரகம தாண்டும்வரை ஒரே கலகலப்புத்தான். கொட்டாவைச் சந்தியில் நாலாம் மாடி இரத்தினம்மா ரீச்சர் தொண்டையைச் செருமினார். உப அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் செருமினால் பஸ் அமைதியாகும்.

"நான் முதலே சொல்லிப்போடுறன். எனக்கு இண்டைக்கு நண்டும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். சித்திரா பௌர்ணமி. தவறின அம்மாவுக்காகப் பிடிக்கிற விரதம். மத்தியானம் ஒருநேரம் சோறு சாப்பிட்டனான். நீங்கள் சாப்பிடுங்கோ, நான் சும்மா இருந்து பாக்கிறன்."

இரண்டாம் மாடிக்காரர், "எனக்கும் விரதம்தான் ரீச்சர். மற்ற ஆக்களின்ர சந்தோசத்தைக் கெடுக்கக் கூடாதெண்டு பேசாமல் இருந்தனான்," என்றார். அவருடைய மனைவி, தானும் அப்படித்தான் என்றாள். பின்னாலிருந்து இன்னொருவர். அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். தாயில்லாத பிள்ளைகள் அந்த பஸ்ஸில் அத்தனை பேர் இருப்பார்கள் என்று யாரும் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. ஒவ்வொருவரும் தான் ஒருத்தர்தான் என்று நினைத்து, நாகரிகம் பார்த்து, வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறியிருந்தார்கள். கணக்குப் பார்த்தால் மீன், நண்டு என்று மச்சம் சாப்பிடக்கூடியவர்கள் நாலே நாலு பேர்.

பாலசுந்தரம் தலையில் கை வைத்தார். காலையில் தாயின் படத்துக்குப் பூ வைத்து, மத்தியானம் வாழையிலையில் விரதச் சோறு சாப்பிட்டவர் அவர். மூன்று கிழமையாக மகளை எப்படி மறைப்பது என்றே யோசித்துக்கொண்டிருந்ததில், அதே நாள் இரவு பதினெட்டுப் பேரை நண்டு சாப்பிடக் கூட்டிக்கொண்டு போகிறோம் என்பது அவருடைய புத்தியில் ஏறவே இல்லை.

கண்ணப்பனுக்கு வியர்த்தது. "பதினாறு பேருக்கு நண்டு சொல்லிட்டேனே ஐயா! இப்ப அந்தப் பொண்ணு கிட்ட என்ன சொல்றது?"

"என்னத்தைச் சொல்லுறது? மரக்கறி இருந்தாலும் சாப்பிடேலாது," என்றார் ரீச்சர். "அது நண்டுக் கடை. சட்டி, அகப்பை, அடுப்பு எல்லாம் மச்சம் புழங்கினது. விரதக்காரருக்கு அதிலை தண்ணிகூடச் சரிவராது."

பாலசுந்தரத்துக்கு அப்போதுதான் உண்மையில் பயம் பிடித்தது. மறைத்தது வெளியே வந்துவிடுமோ என்ற பயம் போய், வேறொரு பயம் வந்திருந்தது. பன்னிரண்டு பேர் இலையைத் தொடாமல் எழும்பப் போகிறார்கள். வாங்கி வைத்த நண்டு அவ்வளவும் வீண். நாளைக்கு வெள்ளவத்தை முழுக்க, அந்தக் கடையில் பசியோடு இருந்து வந்த கதைதான் பேச்சு. அந்தக் கடை யாருடையது என்று அவருக்கும் மனைவிக்கும் மட்டும்தானே தெரியும். தவமலரைப் பார்த்தார். அவள் யன்னலுக்கு வெளியே றப்பர் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு கவலையும் இல்லை. அது அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பொழுது சாயும் நேரம் பஸ் நின்றது. ஓட்டுக் கூரை, சுற்றிவர விறாந்தை, விறாந்தைக்கு அப்பால் பச்சைப் பசேலென்று வயல். அட்டை ஒன்றையும் காணவில்லை. நரைத்த மீசையோடு ஒருவர் வந்து எல்லாரையும் வரவேற்றார். றொஹான் என்று பெயர். பெரிய ஹோட்டல்களில் இருபது வருடம் வேலை செய்துவிட்டு, மிதுனாவோடு பங்குக்கு இந்தக் கடையை நடத்துபவர் அவர். பின்னாலேயே மிதுனாவும் வந்தாள். தலைமயிரை இழுத்துக் கட்டி, இடுப்பில் ஏப்ரன் கட்டியிருந்தாள். மெலிந்துதான் போயிருந்தாள். ஆனால் நடையில் ஒரு நிமிர்வு இருந்தது. அந்த நடை தன்னுடையது என்று பாலசுந்தரம் கண்டுகொண்டார்.

"வாங்கோ, வாங்கோ," என்று எல்லாருக்கும் கை கூப்பியவள், அவரிடம் வந்ததும் கண்ணை அவருடைய சட்டைப் பொத்தானில் வைத்துக்கொண்டு, "வாங்கோ ஐயா," என்றாள்.

அவர் கேட்டுக்கொண்டது அதைத்தான். கேட்டது கிடைத்தபோது பதிலுக்குக் கை கூப்பவும் மறந்துவிட்டார்.

கண்ணப்பன் அவளை ஓரமாகக் கூப்பிட்டு, கையைப் பிசைந்துகொண்டு விஷயத்தைச் சொன்னார். முழுவதையும் சொல்ல அவள் விடவில்லை.

"தெரியும் அண்ணா. நான் நண்டு வாங்கேல்லை. நாலைஞ்சு பேருக்கு மட்டும் மீன் குழம்பு இருக்கு, அது அங்காலை மேசையிலை. மற்ற ஆக்களுக்கு இடியப்பமும் சொதியும். ஒருபொழுது இருக்கிறவை இரவிலை சோறு சாப்பிடமாட்டினம் தானே."

கண்ணப்பன் வாயைப் பிளந்தார். ரீச்சர் மட்டும் அசையவில்லை. கைப்பையை மடியில் வைத்து, பரீட்சை மண்டபத்தில் இருப்பவர்போல நிமிர்ந்தார்.

"பிள்ளை, இஞ்சை வாரும். எந்தச் சட்டியிலை சமைச்சது?"

"புதுச் சட்டி ரீச்சர். போன கிழமை புறக்கோட்டையிலை வாங்கினது."

"அகப்பை?"

"அதுவும் புதுசு."

"அடுப்பு?"

"பின்பக்கம் வெளியிலை கல் வைச்சு, தனி அடுப்பு. குசினிக்குள்ளை ஒண்டும் செய்யேல்லை."

"கத்தி? திருவலை?"

"ரெண்டும் புதுசு. இடியப்ப உரலும்."

"தேங்காய் திருவினது ஆர்?"

"நான். முழுகிப்போட்டுத்தான் திருவினனான். இண்டைக்கு நான் மச்சம் தொடேல்லை, மீன் குழம்பு றொஹான் வைச்சது."

ரீச்சர் எழும்பினார். "நான் ஒருக்காப் பாக்கலாமோ?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் பின்பக்கம் நடந்தும் விட்டார். விறாந்தையில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பாலசுந்தரம் பின்பக்கக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். மிதுனாவின் பட்டயப் பரீட்சை முடிவு வந்த அன்றுகூட அவர் இப்படிக் காத்திருந்ததில்லை. பின்பக்கம் சட்டி மூடி ஒன்று திறக்கும் சத்தம், மூடும் சத்தம், இன்னொன்று திறக்கும் சத்தம். கடைசியில் ரீச்சர் திரும்பி வந்தார். கால் கழுவினார், கை கழுவினார், கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார்.

"எல்லாரும் இருங்கோ. சாப்பிடலாம்."

வாழையிலை வந்தது. நூல்போல வெள்ளை இடியப்பம். மாங்காய் போட்ட தேங்காய்ப்பால் சொதி. பலாக்கொட்டைக் கறி, வாழைப்பூ வறை, தேங்காய்ச் சம்பல், கடைசியில் பயற்றம் பாயாசம். தன் வீட்டைத் தவிர வேறெங்கும் சாப்பாட்டுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லாத இரண்டாம் மாடிக்காரர் மூன்றாம் தடவை சொதி கேட்டார். மரக்கறி என்றால் தங்களை விட்டால் ஆளில்லை என்று நினைத்திருந்த கண்ணப்பனின் மனைவி, அந்த வாழைப்பூவை என்ன செய்தாள் என்று கணவனிடம் கிசுகிசுத்தாள். மீன் மேசையில் இருந்த நாலு பேரும் மெல்ல மெல்லக் கதிரையை இந்தப் பக்கம் நகர்த்தினார்கள்.

பாலசுந்தரம் ஒரு வாய் எடுத்து வைத்தார். எத்தனையோ சித்திரா பௌர்ணமி இரவுகளில் அவர் இடியப்பம் சாப்பிட்டிருக்கிறார். இப்படி ஒன்றைச் சாப்பிட்டதில்லை. தாயை நினைத்துப் பிடிக்கிற விரதத்தில் மகள் கையால் சாப்பிடுகிறோம் என்ற நினைப்பு வந்ததும், சீக்கிரம் முடிந்துவிடாமல் அடுத்த வாயைச் சின்னதாக எடுத்தார்.

"அது சரி பிள்ளை," என்றார் ரீச்சர், "நாங்களே யோசியாததை நீர் எப்பிடி யோசிச்சனீர்? ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை ரீச்சர். எங்கட அப்பா இந்த விரதம் பிடிக்கிறவர். அப்பம்மா செத்த வருசத்திலையிருந்து ஒரு வருசமும் விட்டதில்லை. காய்ச்சலெண்டாலும் பிடிப்பார். சின்னனிலை நான்தான் அவருக்குப் பக்கத்திலை இருந்து பாத்துக்கொண்டிருக்கிறனான். வெள்ளவத்தையிலையிருந்து இண்டைக்கு வாற ஆக்கள் எண்டதும் எனக்கு அவரின்ர ஞாபகம்தான் வந்தது."

"நல்ல அப்பா. நல்லா வளர்த்திருக்கிறார்," என்றார் ரீச்சர். பிறகு, நம் சனம் யாரைக் கண்டாலும் கடைசியில் கேட்கும் அந்தக் கேள்வியைக் கேட்டார். "நீர் ஆரின்ர பிள்ளை?"

மிதுனா கையைத் துணியில் துடைத்தாள். "அப்பா கொழும்பிலைதான் ரீச்சர்."

"பேர்?"

"சொதி இன்னும் கொஞ்சம் விடட்டோ?"

கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு, சொதிச் சட்டியோடு அவள் அப்படியே நின்றாள். ஒருமுறைகூட அவர் பக்கம் திரும்பவில்லை.

பாலசுந்தரம் பிறவிப் பெருமைக்காரர். அவருடைய வீட்டுத் தண்ணீர்த் தாங்கியைப் பற்றிக்கூடப் பதினைந்து நிமிடம் பெருமை பேசக்கூடியவர். அப்படிப்பட்டவருக்கு முன்னால் அவருடைய வீட்டுப் பெருமையை ஊர் பேசுகிறது, அவர் வாயை மூடிக்கொண்டு இடியப்பம் பிசைந்துகொண்டிருக்க வேண்டும் என்றால் எந்தக் கடவுளுக்கு அடுக்கும்? வெட்கமும் பெருமையும் ஒன்றாகச் சேர்ந்து அவரைக் கதிரையிலிருந்து தூக்கின. சாப்பிட்ட கையோடு எழும்பிவிட்டார்.

"என்ர பிள்ளை, ரீச்சர்." குரல் பாதியில் உடைந்தது. திரும்பவும் சொன்னார். "மிதுனா. என்ர மகள். ஓடிட்டும் இல்லை, வெளியூர் வேலையும் இல்லை. நான் உங்கள் எல்லாருக்கும் பொய் சொன்னனான். இது அவவின்ர கடை."

ரீச்சர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"இப்பிடியொரு பிள்ளையை வைச்சுக்கொண்டோ லிஃப்டிலை எங்களுக்குக் கொள்ளுப்பிட்டிக் கதை சொன்னனீங்கள்? வெட்கமில்லையோ உங்களுக்கு?"

"இருக்கு," என்றார் பாலசுந்தரம். சங்கத் தலைவர் அவ்வளவு சுருக்கமாகப் பேசியதை அவர்கள் அதற்கு முன் கேட்டதில்லை.

மிதுனா சட்டியை மேசையில் வைத்தாள். அப்போதுதான் அவரை நேராகப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது, ஆனால் குரல் கடைக்காரியின் குரல்தான்.

"இருங்கோ அப்பா. சாப்பிடேக்கை இடையிலை எழும்பக் கூடாது."

அவர் இருந்தார். இலையில் ஒரு இழைகூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். தவமலர் தன்னுடைய பாயாசத்தில் பாதியை அவருடைய கிண்ணத்தில் ஊற்றினாள்.

கை கழுவியதும் அவரைப் பிடிக்க முடியவில்லை. சொதிச் சட்டியைத் தானே தூக்கிக்கொண்டு மேசை மேசையாகப் போனார். "என்ர மகள் வைச்ச சொதி, இன்னும் கொஞ்சம் விடுங்கோ." இரண்டாம் மாடிக்காரர் வேண்டாம் வேண்டாம் என்று கையால் மறைத்தும் விடவில்லை. பட்டயப் பரீட்சையில் அவளுக்கு எத்தனையாம் இடம் என்பதிலிருந்து, அந்தக் கல் அடுப்பின் சிறப்பு வரை எல்லாம் சொன்னார். மூலை மேசையில் ஊர்க்காரர் ஒரு குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர்களையும் விடவில்லை. "மே மகே துவ," இது என்னுடைய மகள் என்று சிங்களத்தில் அறிவித்தார். "அப்பா, போதும்," என்று மிதுனா அங்கிருந்து கத்தினாள். அவள் சிரித்துக்கொண்டு கத்தியதால் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

அதே வேகத்தில் பின்பக்கமும் போனார். அங்கே வெள்ளைச் சேலை உடுத்திய ஒரு பெண் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சோமாவதி என்று அந்த ஊர்ப் பெண். போயா என்பதால் காலை முழுவதும் விகாரையில் இருந்துவிட்டு, மாலையில் உதவிக்கு வந்திருந்தாள். அவளிடமும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "மே மகே துவ," என்றார்.

"தன்னவா, மஹத்தயா," என்றாள் அவள். தெரியும் ஐயா. கையில் இருந்த பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஆறுதலாகச் சிங்களத்தில் சொன்னாள். கடை திறந்த முதல் நாளிலிருந்து பிள்ளை அவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். கப்பல் கொம்பனியில் பெரிய மனேஜர், ஒருத்தரிடமும் ஒரு சதம் லஞ்சம் வாங்காதவர், என் அப்பா ஒருநாள் வருவார் என்று. இந்த ஊரில் எல்லாருக்கும் ஐயாவைத் தெரியும்.

பிறகு அவள், குற்றம் சொல்லும் குரலில் இல்லாமல், உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டாள். "ஏன் ஐயா இவ்வளவு நாள் வரவில்லை? தூரமா?"

துறைமுகத்து அதிகாரிகளோடு முப்பத்து நாலு வருடம் சிங்களத்தில் வாதாடியவர், இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். தான் மகளை ஒளித்து வைத்திருந்த இரண்டு வருடமும் அவள் தன்னை இந்த ஊர் முழுக்கக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது அவருக்கு அந்தக் கல் அடுப்புக்கு முன்னால் நின்றபடி விளங்கியது. சட்டைப் பையிலிருந்த லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்தார். புகை என்று சோமாவதியிடம் சொன்னார். அடுப்பு அணைந்து நெடுநேரமாகியிருந்தது.

முன்பக்கம் பஸ் ஹோர்ன் அடித்தது. எல்லாரும் ஏறிக்கொண்டிருந்தார்கள். பாலசுந்தரம் மட்டும் வாசல் மேசைக்குப் போய், முன்பதிவுக் கொப்பியோடு இருந்த றொஹானுக்கு முன்னால் நின்றார்.

"அடுத்த போயாவுக்கு ஒரு மேசை வேணும். ரெண்டு பேர்."

"சரி சேர்," என்று றொஹான் பேனையைத் திறந்தார். "தலைவர் பாலசுந்தரம் எண்டு எழுதவா?"

"அது வேண்டாம்," என்றார் அவர். "மிதுனாவின்ர அப்பா எண்டு எழுதும்."